பெதஸ்தாவின் கடன்: ஜார்ஜ் விட்ஃபீல்டின் ஊழியம், ஒரு நிகழ்வு ஆய்வு

1740ல் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பிரசங்கி, அமெரிக்காவில் மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா குடியேற்றங்களின் மக்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் மேசையருகே நாய்களைக் கொஞ்சி வளர்க்கிறீர்கள். உங்களுக்காக உழைக்கும் அடிமைகளுக்கு அந்த நாய்களுக்குக் கிடைப்பதுகூடக் கிடைப்பதில்லை. இதற்காகக் கடவுளுக்கு உங்களோடு வழக்கு இருக்கிறது. இதுதான் கடிதத்தின் சாரம். பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை அச்சிட்டார். அப்போது விட்ஃபீல்டுக்கு வயது 25.

1747ல் அதே விட்ஃபீல்ட் தென் கரோலினாவில் 640 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, அதில் அடிமைகளை வேலைக்கு வைத்தார். 1770ல் அவர் இறந்தபோது, நிலம், கட்டடம், புத்தகங்கள் என்று நீண்ட உயிலில் அடிமைகளும் சொத்தாக எழுதப்பட்டிருந்தார்கள்.

எழுப்புதல் கூட்டம் என்ற வடிவத்தை உருவாக்கியவர்களில் விட்ஃபீல்டுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. திறந்தவெளி, முன்கூட்டியே விளம்பரம், ஊர் ஊராகப் பயணத் திட்டம், கூட்ட முடிவில் காணிக்கை, உடனுக்குடன் அச்சில் வரும் பிரசங்கம் என்று நமக்குப் பழகிப்போன எல்லாம் அவர் கையில்தான் ஒன்று சேர்ந்தன. அவருடைய கதையைச் சொல்லும்போது நாம் குரலையும் கூட்டத்தையும் கண்ணீரையும் சொல்கிறோம். அவை நடந்தவைதான், படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழும். ஆனால் அந்த ஏழு ஆண்டு மாற்றம் புரிய வேண்டுமானால், மேடையை விட்டுவிட்டுக் காணிக்கைத் தட்டின் பின்னால் போக வேண்டும். அந்தத் தட்டு போய்ச் சேர்ந்த இடம் பெதஸ்தா, ஜார்ஜியாவில் அவர் கட்டிய அநாதை இல்லம். விட்ஃபீல்டை முப்பது ஆண்டு ஓட வைத்ததும், கடைசியில் அவர் மனச்சாட்சியை வளைத்ததும் அந்த இல்லத்தின் கடன்தான் என்பது என் வாதம்.

சத்திரத்தில் வளர்ந்தவர்

1714 டிசம்பர் 16ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், பெல் என்ற சத்திரத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசி. இரண்டு வயதிலேயே அப்பாவை இழந்தார்; சத்திரத்தை அம்மா நடத்தினார். சிறுவயதில் வந்த தட்டம்மை ஒரு கண்ணை மாறுகண்ணாக்கிவிட்டது. பிற்காலத்தில் லண்டன் நாடக மேடையில் அவரைக் கேலி செய்தவர்கள் அந்தக் கண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பள்ளியில் அவருக்கு நாடகம் என்றால் உயிர், பெண் வேடமும் கட்டியிருக்கிறார். சத்திரத்தில் வருமானம் குறைந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுத் தரை துடைத்தார், அறைகளைச் சுத்தம் செய்தார், வருகிறவர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்தார்.

1732ல் ஆக்ஸ்போர்டின் பெம்புரோக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வசதியான மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து, அதற்கு ஈடாகப் படிக்கும் ஏழை மாணவர் இடம். அங்கே ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் சிறு குழுவில் சேர்ந்தார். ஜெபம், உபவாசம், சிறைச்சாலை சந்திப்பு எல்லாம் அவர்களுக்குக் கடிகாரம் பார்த்து நடக்கும். விட்ஃபீல்ட் உபவாசத்தை உடம்பு தாங்காத அளவுக்குக் கொண்டுபோய்ப் படுக்கையில் விழுந்தார். 1735ல் அந்த நோயின் முடிவில்தான், தன் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, மறுபடியும் பிறக்க வேண்டும் என்ற தெளிவு வந்தது. வாழ்நாள் முழுதும் அவர் பிரசங்கித்ததன் மையம் இதுதான்.

1736 ஜூனில் குளோஸ்டர் பேராயர் மார்ட்டின் பென்சன் அவருக்கு உதவிக்குருப் பட்டம் கொடுத்தார். சொந்த ஊரில் முதல் பிரசங்கம். அதைக் கேட்டுப் பதினைந்து பேருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகப் பேராயருக்குப் புகார் போனது. அந்தப் பைத்தியம் அடுத்த ஞாயிறுவரை தெளியாமல் இருக்கட்டும் என்றாராம் பேராயர்.

ஜார்ஜியா

வெஸ்லி சகோதரர்கள் மிஷனரிகளாகப் போய் மனம் சோர்ந்து திரும்பிய ஜார்ஜியாவுக்கு, 1738 மே மாதம் விட்ஃபீல்ட் போய்ச் சேர்ந்தார். குடியேற்றம் தொடங்கி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கங்கே இருந்தார்கள். அநாதை இல்லம் வேண்டும் என்ற யோசனையைச் சார்லஸ் வெஸ்லி ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது: ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவிய அநாதை இல்லம். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் படித்ததும், அந்த மிஷனுக்குப் பல்லாண்டு கைகொடுத்ததும் இதே ஹாலேதான். ஜார்ஜியாவிலேயே எபனேசர் என்ற ஊரில் குடியேறியிருந்த சால்ஸ்பர்க் அகதிகள், ஹாலேயின் வழியில் ஒரு சிறு அநாதை இல்லம் நடத்திவந்தார்கள். அதை நேரில் பார்த்த விட்ஃபீல்ட் பூரித்துப்போனார். எபனேசரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சில மாதங்களில் இங்கிலாந்து திரும்பினார். ஒன்று, முழுக் குருப்பட்டம் பெற வேண்டும். மற்றொன்று, இல்லத்துக்குப் பணம் திரட்ட வேண்டும். 1739 ஜனவரியில் பட்டம் கிடைத்தது. ஜார்ஜியாவை நிர்வகித்த அறங்காவலர்கள் இல்லத்துக்கு 500 ஏக்கர் நிலமும் ஒதுக்கினார்கள். நிலம் வந்துவிட்டது, கட்டக் காசு இல்லை. அதற்காகவே ஆலயம் ஆலயமாகப் போனார்.

வெளியே வந்த பிரசங்கம்

பிரிஸ்டல் நகரில் ஆலயங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. உணர்ச்சியைக் கிளப்புகிறார், மற்றக் குருமாரை மட்டம் தட்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. 1739 பிப்ரவரி 17 அன்று பக்கத்திலிருந்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போய், வெட்டவெளியில் நின்று பேசினார். முதல் நாள் கேட்டவர்கள் இருநூறு பேர். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டு இறங்கியதை அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தொழிலாளர்களைத் தேடி அதுவரை சபைகள் அதிகம் போனதில்லை என்பதை யோசித்தால், அந்தக் கண்ணீரை வெறும் உணர்ச்சிவசம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

அந்தப் பொறுப்பை ஏற்க ஜான் வெஸ்லியை வரவழைத்தார். ஒழுங்கும் மரியாதையும் பார்க்கிற வெஸ்லிக்கு வெளியே நின்று பிரசங்கிப்பது கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஏப்ரலில் தொடங்கினார். வெஸ்லி சகோதரர்களின் குழுவிலிருந்து வளர்ந்த மெதடிஸ்ட் இயக்கத்தின் போக்கே அங்கே மாறியது. விட்ஃபீல்ட் லண்டனுக்குப் போய் மூர்ஃபீல்ட்ஸ், கென்னிங்டன் திடல்களில் இன்னும் பெரிய கூட்டங்களை நடத்தினார்.

கூட்டம் தானாக வந்துவிடவில்லை. பங்குச் சந்தையில் சம்பாதித்திருந்த வில்லியம் சுவர்ட் என்ற செல்வர், தன் பணத்தையும் நேரத்தையும் விட்ஃபீல்டுக்காகக் கொடுத்தார். எங்கே எத்தனை ஆயிரம் பேர் கூடினார்கள், எவ்வளவு காணிக்கை விழுந்தது, அடுத்து எந்த ஊர் என்ற செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார், விளம்பரத்துக்குப் பணம் கட்டுவார். விட்ஃபீல்டின் நாட்குறிப்புகள் அவர் போகும் ஊருக்கு முன்னாலேயே அச்சில் போய்ச் சேர்ந்தன. அவற்றிலிருந்த கூட்ட எண்ணிக்கைகள் மிகைதான். 1756ல் திருத்திய பதிப்பு வந்தபோது பல இடங்களில் அவரே குறைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் தாண்டி அந்தக் குரல் நிஜமானது. குறிப்பு பார்க்காமல் பேசுவார். ஆபிரகாம் ஈசாக்கின் மேல் கத்தியை ஓங்குவதைச் சொன்னால் கேட்பவர் கண்முன் கத்தி தெரியும். பிராங்க்ளின் கூர்மையான ஒரு விஷயத்தைக் கவனித்தார்: விட்ஃபீல்ட் புதிதாக எழுதிய பிரசங்கம் எது, ஊர் ஊராகப் பலமுறை பேசிப் பழகியது எது என்று கேட்டவுடன் தனக்குத் தெரியும் என்கிறார். பலமுறை பேசியதில் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் பாடகரின் சாதகம்போலப் பதமாக இருக்கும். ஒரே சபையில் வாரந்தோறும் புதிதாகப் பேச வேண்டிய ஆயருக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் ஒரே ஊரில் இருப்பவருக்கு வேறொன்று கிடைக்கும்: தன்னை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் மக்கள். விட்ஃபீல்டுக்கு அது கடைசிவரை அமையவில்லை.

பிராங்க்ளின் சொன்ன யோசனை

1739 ஆகஸ்டில் மறுபடி கப்பலேறி, நவம்பரில் பிலடெல்பியா வந்தார். நீதிமன்றப் படியில் நின்று பேசினார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பிராங்க்ளின், குரல் எதுவரை கேட்கிறது என்று பார்க்க ஆற்றுப் பக்கமாகப் பின்னோக்கியே நடந்தார். குரல் மங்கிய இடத்தை அரைவட்டத்தின் ஆரமாக வைத்து, ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்குப் போட்டார். முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்கலாம் என்று விடை வந்தது. பழைய காலத் தளபதிகள் படை முழுவதற்கும் உரையாற்றியதாகப் படித்ததை அதுவரை அவர் நம்பாமல் இருந்தாராம்.

பிராங்க்ளின் விசுவாசி இல்லை. ஆனால் விட்ஃபீல்டின் நண்பர், அவருடைய பிரசங்கங்களையும் நாட்குறிப்புகளையும் வெளியிட்டவர். அநாதை இல்லத் திட்டத்தைக் கேட்டதும் வெளிப்படையாகவே சொன்னார்: ஜார்ஜியாவில் கட்டுமானப் பொருளும் இல்லை, வேலையாட்களும் இல்லை. பெரும் செலவில் இங்கிருந்து எல்லாவற்றையும் அனுப்புவதைவிட, இல்லத்தை இங்கே பிலடெல்பியாவில் கட்டிப் பிள்ளைகளை அழைத்து வந்துவிடலாம். விட்ஃபீல்ட் கேட்கவில்லை. அப்படியானால் காசு தர மாட்டேன் என்றார் பிராங்க்ளின்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிராங்க்ளின் ஒரு கூட்டத்துக்குப் போனார். பையில் ஒரு கைப்பிடி செப்புக் காசு, மூன்று நான்கு வெள்ளி டாலர், ஐந்து பொற்காசு. ஒன்றும் போடக் கூடாது என்ற முடிவோடு உட்கார்ந்தவர், பிரசங்கம் போகப் போக செப்பைப் போடலாம் என்று இளகினார், பிறகு வெள்ளியைப் போடலாம் என்று எண்ணினார், முடிவில் பொன் உட்பட எல்லாவற்றையும் தட்டில் கொட்டினார். அதே கூட்டத்தில், எச்சரிக்கையாகப் பையைக் காலி செய்துவிட்டு வந்த இன்னொருவர், மனம் தாங்காமல் பக்கத்திலிருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவரிடம் கடன் கேட்டார். வேறு நேரமென்றால் தாராளமாகத் தருவேன் நண்பரே, இப்போது நீங்கள் நிதானத்தில் இல்லை என்றார் குவேக்கர்.

இந்தக் கதையை விட்ஃபீல்டின் நாவன்மைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. பிராங்க்ளினின் வாதத்துக்கு விட்ஃபீல்ட் பதில் சொல்லவே இல்லை. யோசனை அப்படியே நின்றது, யோசனை சொன்னவருடைய பைதான் காலியானது. நிர்வாகக் கேள்விக்குப் பிரசங்கம் பதிலாகிவிட்டது. தவறான இடத்தில் கட்டப்பட்ட ஓர் இல்லம், சரியான குரலால் உயிர்வாழத் தொடங்கியது. இந்த நிகழ்வின் முதல் திருப்பம் இது என்பேன்.

1740 மார்ச் 25ல், ஜார்ஜியாவின் சவன்னா நகரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளி, இல்லத்தின் முதல் செங்கல் வைக்கப்பட்டது. பெயர் பெதஸ்தா. அறங்காவலர்கள் கொடுத்த உரிமையை வைத்து, மூத்த சகோதரன் வளர்த்து வந்த பிள்ளைகளையும் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். குடியேற்றத்தின் தலைவர் ஓகல்தார்ப் இதை ஆட்சேபித்தார்.

நியூ இங்கிலாந்து

1740 இலையுதிர் காலத்தில் அவர் வடக்கே நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களுக்குப் போன பயணம்தான் அமெரிக்க எழுப்புதலின் உச்சம். பாஸ்டன் திடலில் விடைபெற்ற கூட்டத்துக்கு 20,000 பேர் வந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த நகரத்தின் மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது. நார்தாம்ப்டனில் ஜொனாதன் எட்வர்ட்ஸ், அவ்வளவு பெரிய சிந்தனையாளர், தன் சொந்த ஆலயத்தில் உட்கார்ந்து அழுதபடி கேட்டார்.

நேதன் கோல் என்ற விவசாயி விட்டுப்போன பதிவு இதையெல்லாம்விட என்னை உலுக்குகிறது. அக்டோபர் 23 காலை, விட்ஃபீல்ட் மிடில்டவுனில் பேசப் போகிறார் என்று செய்தி வருகிறது. வயலில் நின்றவர் கையிலிருந்த கருவியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, மனைவியைக் கூட்டிக்கொண்டு குதிரையில் ஏறுகிறார். பன்னிரண்டு மைல். குதிரை மூச்சு வாங்கும்போது தான் இறங்கிக் கூடவே ஓடுவார். ஆற்றோரச் சாலையை நெருங்கும்போது மேகம்போல் ஏதோ எழும்புகிறது, இடிபோல் சத்தம் கேட்கிறது. மேகம் என்று நினைத்தது குதிரைகள் கிளப்பிய புழுதி. வழி நெடுக வயல்களில் ஒருவர்கூட வேலையில் இல்லை. அந்தப் பிரசங்கம் தன் இருதயத்தில் காயம் உண்டாக்கியது என்றும், தன் நீதி தன்னை இரட்சிக்காது என்று அன்று கண்டதாகவும் கோல் எழுதினார். கல்விப் பின்னணி இல்லாத ஒருவர் தன் ஆத்துமாவைப் பற்றித் தானே எழுத உட்கார்ந்ததே அந்த எழுப்புதலின் பலன்தான்.

சேதமும் இருந்தது. பெரும்பாலான குருமார் மனந்திரும்பாதவர்கள் என்று விட்ஃபீல்ட் நாட்குறிப்பில் எழுதினார். ஹார்வர்டிலும் யேலிலும் வெளிச்சம் இருளாகிவிட்டது என்றார். சபைகள் பிளந்தன. 1744 டிசம்பரில் ஹார்வர்டு ஆசிரியர்கள் அவருக்கு எதிராக அறிக்கை வெளியிட்டார்கள், இல்லத்துக்கு வாங்கிய பணத்தைப் பற்றியும் அதில் கேள்வி எழுப்பினார்கள். பிராங்க்ளின் சொன்னதுபோல, வாயால் பேசியதை மறுக்கலாம், விளக்கலாம். அச்சில் வந்ததை எதிரிகள் விடமாட்டார்கள். பின்னாளில் விட்ஃபீல்ட் அந்த வார்த்தைகளுக்கு வருத்தம் தெரிவித்தார். 1764ல் ஹார்வர்டு நூலகம் எரிந்தபோது அதற்குப் புத்தகம் திரட்டிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

கடன்

1741 மார்ச்சில் லண்டன் திரும்பியவருக்கு அடி மேல் அடி. சுவர்ட் முந்தைய அக்டோபரில் வேல்ஸில் பிரசங்கக் கூட்டத்தின்போது கல்லெறியில் காயப்பட்டு இறந்துபோயிருந்தார், பணம் வரும் வழி அடைபட்டது. பென்சில்வேனியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க சுவர்டின் பணத்தில் வாங்கிய 5,000 ஏக்கர் நிலத்தை மொரேவியர் என்ற சபையாருக்கு விற்க வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளி எழும்பியிருந்தால் இந்த ஆய்வின் தலைப்பே வேறாக இருந்திருக்கலாம். இரட்சிக்கப்படுகிறவர்களைக் கடவுள் முன்னதாகவே தெரிந்துகொள்கிறார் என்ற முன்குறிப்புக் கோட்பாட்டைப் பற்றி ஜான் வெஸ்லியோடு ஏற்பட்ட தகராறில் கேட்பவர் கூட்டமும் பிரிந்தது: கிருபை எல்லோருக்கும் என்றார் வெஸ்லி, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு என்றார் விட்ஃபீல்ட். இல்லத்தின் கடனோ ஆயிரம் பவுண்டைத் தாண்டி நின்றது. தான் கைதாகக்கூடும் என்று அவர் பயந்த காலம் அது.

ஸ்காட்லாந்துப் பயணங்கள் அவரைத் தூக்கிவிட்டன. 1742ல் கேம்பஸ்லாங் என்ற சிற்றூரில் நடந்த திருவிருந்துக் கூட்டங்களுக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். காணிக்கை பெதஸ்தாவுக்குப் போனது. ஆனால் கவனியுங்கள்: இல்லத்தைக் காக்க அவர் பயணம் போக வேண்டும், பயணம் போவதால் இல்லத்தை அவரே நடத்த முடியாது. அவர் அங்கே இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே மிக அதிகம். காணிக்கையில் ஓடுகிற எந்த ஊழியத்துக்கும் இந்தச் சுழல் புதிதில்லை.

குடும்பமும் இதே சுழலில்தான் இருந்தது. 1741ல் எலிசபெத் ஜேம்ஸ் என்ற, தன்னைவிடப் பத்து வயது மூத்த விதவையைக் கல்யாணம் செய்தார். 1743ல் பிறந்த மகன் பெரிய சுவிசேஷகனாவான் என்று பகிரங்கமாகச் சொன்னார். நான்கு மாதத்தில் குழந்தை இறந்தது, அதுவும் விட்ஃபீல்ட் பிறந்த அதே பெல் சத்திரத்தில். உள்மனத்தில் தோன்றுவதையெல்லாம் தேவசித்தம் என்று நினைப்பதில் அதன் பிறகு அவருக்கு எச்சரிக்கை வந்தது. அந்த எச்சரிக்கை 1747ல் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

1747

ஜார்ஜியாவில் அடிமை முறைக்கு 1735லிருந்தே சட்டப்படி தடை இருந்தது. பக்கத்துத் தென் கரோலினாவில் அது தாராளம். சார்ல்ஸ்டன் நண்பர்கள் இல்லத்துக்காக 300 பவுண்டு திரட்டித் தந்தார்கள். அதை வைத்து வீடு, களஞ்சியம், திருத்திய வயலோடு அந்த 640 ஏக்கரை வாங்கினார். அடிமைகளை வைத்துப் பயிர் செய்து, விளைச்சலை இல்லத்துக்கு அனுப்புவது திட்டம். பண்ணைக்குப் பிராவிடன்ஸ் என்று பெயர் வைத்தார், தெய்வ பராமரிப்பு என்று பொருள்.

1748 டிசம்பரில் ஜார்ஜியா அறங்காவலர்களுக்கு எழுதினார்: ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் செலவாகிவிட்டது, பலன் சொற்பம், அடிமைகளை அனுமதிக்காமல் இந்தக் குடியேற்றம் தழைக்காது. தான் மட்டும் அடிமை வைத்திருந்தால் ஒரு மனிதரின் தவறு என்று நிறுத்திக்கொள்ளலாம். சட்டத்தையே மாற்றக் கேட்டவர்களோடு தன் பெயரையும் சேர்த்தார். 1751 ஜனவரி முதல் நாள் தடை நீங்கியது. அந்த ஆண்டு எழுதிய கடிதத்தில், அடிமை வைத்திருப்பது நியாயமா என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். ஆபிரகாம் வீட்டில் பணத்துக்கு வாங்கப்பட்டவர்கள் இருந்தார்களே என்றார். வெப்ப நாட்டில் கறுப்பர் இல்லாமல் விவசாயம் நடக்காது என்றார். எப்படியும் இந்த வியாபாரம் நடக்கத்தான் போகிறது, தான் வாங்கினால் அவர்களை நன்றாக நடத்தி அவர்கள் பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்க்கலாமே என்றும் எழுதினார்.

1740 கடிதத்திலேயே இதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. அடிமைகளைக் கொடுமை செய்வதைத்தான் அதில் கண்டித்தார். வாங்குவது சரியா தவறா என்று தான் தீர்மானிக்கப் போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுங்கலுக்குள் கடன் நுழைந்தது.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. இங்கேதான் எபனேசர் வருகிறது. விட்ஃபீல்ட் பார்த்துப் பூரித்த அதே எபனேசரின் போதகர் யோஹான் மார்ட்டின் போல்ட்ஸியஸ், ஹாலேயில் பயின்றவர், அதே வெயிலில் அதே மண்ணில் தன் மக்களை உழைக்க வைத்துக் காட்டியவர். அடிமை முறை வேண்டாம் என்று விட்ஃபீல்டுக்கே கடிதம் எழுதி வாதாடினார். டேரியன் என்ற இடத்தில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் 1739லேயே மனு கொடுத்தார்கள்: ஓர் இனத்தை என்றென்றைக்கும் அடிமையாக்குவது மனித இயல்புக்கே அதிர்ச்சி தருகிறது என்று. ஆக, மறுப்புக் குரல் அவர் காதில் விழுந்தது, பக்கத்து ஊரிலிருந்து, தன் சொந்த விசுவாசத்தைச் சேர்ந்தவரிடமிருந்தே விழுந்தது. நாலாயிரம் பேரைப் புழுதி பறக்க ஓடி வர வைத்தவர் ஒரு சிற்றூர்ப் போதகருக்குச் செவிகொடுக்கவில்லை.

விட்ஃபீல்ட் பணம் தின்றவர் என்று யாரும் நிரூபித்ததில்லை. 1746ல் இல்லத்தின் கணக்கு சவன்னாவில் தணிக்கையாகி அச்சில் வந்தது. அவர் முழுக்க நேர்மையான மனிதர் என்று, மதத்தில் பங்கில்லாத பிராங்க்ளினே சாட்சி சொன்னார். அதனால்தான் இந்த நிகழ்வை நாம் கூர்ந்து படிக்க வேண்டும் என்கிறேன். மோசடிக்காரரின் வீழ்ச்சியைப் பார்த்து நாம் அப்படி இல்லை என்று நகர்ந்துவிடலாம். இங்கே காசுக் கணக்கு சரியாக இருந்தது. அந்தக் காசு எதிலிருந்து வருகிறது, யாருடைய முதுகில் வருகிறது என்று கேட்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. பேராயருக்கு அவர் கட்டுப்படவில்லை; வெஸ்லியைப்போல உடன் ஊழியர்கள் கூடிப் பேசும் மாநாட்டைத் தன்னைச் சுற்றிக் கட்டி வளர்க்கவும் இல்லை. வெஸ்லி 1774ல் அடிமை முறைக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். அப்போது விட்ஃபீல்ட் உயிரோடு இல்லை.

உயில்

கடைசி ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1748லிருந்து ஹண்டிங்டன் சீமாட்டி செலினாவின் தனிக்குரு. 1756ல் லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் பெரிய ஆலயம். டப்ளினில் கல்லடி. மூச்சிரைப்பு நோய். பெதஸ்தாவைக் கல்லூரியாக உயர்த்த முயன்றபோது, தலைவர் ஆங்கிலிக்கனாக இருக்க வேண்டும் என்று கேன்டர்பரி பேராயர் நிபந்தனை போட்டார். எல்லாச் சபையாரும் கொடுத்த காசில் எழும்பியது இது என்று விட்ஃபீல்ட் மறுத்துவிட்டார். கொடுத்தவர்களுக்குச் செய்த நியாயம் அது, மெச்சுகிறேன். வாழ்நாளில் சுமார் 18,000 முறை பிரசங்கித்தார் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அட்லாண்டிக்கை 13 முறை கடந்தார். ஏழாவது முறை அமெரிக்கா போனவர் திரும்பவில்லை.

1770 செப்டம்பர் 29 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிடரில், நிற்கவே முடியாத நிலையில், இரண்டு மணி நேரம் பேசினார். நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள் என்ற பவுலின் வசனம்தான் அன்றைய தியானம். மறுநாள் விடியலில் மாசசூசெட்ஸின் நியூபெரிபோர்ட்டில், ஆயர் இல்லத்தில் இறந்தார். வயது 55. அவ்வூர்ப் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தின் பிரசங்க பீடத்துக்கு அடியில் அடக்கம் செய்தார்கள். லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் ஜான் வெஸ்லி. கருத்து பிளந்தாலும் நட்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நின்ற விட்ஃபீல்ட் சிலையை அகற்றுவதாக 2020ல் அறிவித்தது, அடிமை முறைக்கு அவர் கொடுத்த ஆதரவைக் காரணமாகச் சொல்லி.

அவர் இறந்த சில நாட்களில் பாஸ்டனில் ஓர் இரங்கற்பா அச்சாகி வந்தது. எழுதியவர் ஃபிலிஸ் வீட்லி, ஏறக்குறைய 17 வயது. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, பாஸ்டன் குடும்பம் ஒன்றுக்கு விற்கப்பட்டவர். அந்தக் கவிதையில் விட்ஃபீல்ட் ஆப்பிரிக்கர்களைப் பார்த்து, பட்சபாதமில்லாத இரட்சகரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அழைக்கிறார். ஹண்டிங்டன் சீமாட்டிக்கு அதில் ஆறுதல் சொல்லப்பட்டிருக்கிறது. 1773ல் லண்டனில் வெளியான வீட்லியின் கவிதைத் தொகுப்பும் அதே சீமாட்டிக்குத்தான் சமர்ப்பணம். அந்த ஆண்டே பெதஸ்தாவின் பெரிய கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. நிலமும், அதில் வேலை செய்த அடிமைகளும், விட்ஃபீல்டின் உயில்படி அந்தச் சீமாட்டிக்கே சொந்தமாக இருந்தார்கள்.